ஆய்வகச் சுண்டெலிகளில் மரபுவழித் திடீர்மாற்றங்களைக் கண்டறிதல்: திசுத் துணுக்கிலிருந்து முடிவுப் பதிவு வரை

பெற்றோர் வழியாக வந்த குறிப்பிட்டதொரு திடீர்மாற்றம் ஒரு சுண்டெலியிடம் இருக்கிறதா, இருந்தால் ஒரு பிரதியா இரண்டு பிரதிகளா என்பதைச் சிறு திசுத் துணுக்கிலிருந்து பிசிஆர் (டிஎன்ஏவின் குறிப்பிட்ட ஒரு பகுதியை எண்ணற்ற பிரதிகளாகப் பெருக்கும் முறை) மூலம் உறுதிசெய்யும் வேலையை இங்கே வரிசைப்படி விளக்குகிறேன். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் இயல்பாக இருந்தால் அந்த விலங்கை 'இயல்பு' என்றும், ஒன்றில் மட்டும் மாற்றம் இருந்தால் 'ஹெட்' என்றும், இரண்டிலும் இருந்தால் 'ஹோமோ' என்றும் ஆய்வகப் பேச்சு வழக்கிலேயே குறிப்பிடுகிறேன். முதன்மை எடுத்துக்காட்டு, விழித்திரையைச் சிதைக்கும் ஆர்டி1 என்னும் திடீர்மாற்றம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பிசிஆர் எந்திரத்தின் வெப்பநிலைகளைப் பற்றியே பெரிதும் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, தவறான முடிவுகளில் பெரும்பாலானவை அந்த எந்திரத்துக்கு முன்னரே உருவாகிவிடுகின்றன: தேடும் மாற்றம் எத்தகையது என்று அறியாமல் முறையைத் தேர்ந்தெடுப்பதிலும், எந்தத் துணுக்கு எந்த விலங்கினுடையது என்ற தொடர்பு அறுந்துபோவதிலும், ஒப்பீட்டு மாதிரிகள் இல்லாமல் தொடங்குவதிலும். ஆகவே கீழே முதல் நான்கு படிகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. தேடும் மாற்றம் எத்தகையது என்று எழுதிவைத்தல்

பிரைமர் (பெருக்க வேண்டிய பகுதியின் ஓரத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ இழை) வாங்குவதற்கு முன், ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிவையுங்கள்: மரபணுவின் பெயர், மாற்றம் எந்த எக்ஸானில் (மரபணுவில் புரதத்துக்கான செய்தி உள்ள பகுதி) அல்லது இன்ட்ரானில் (எக்ஸான்களுக்கு இடைப்பட்ட பகுதி) உள்ளது, மாற்றத்தின் தன்மை, அது எந்த நிறமூர்த்தத்தில் உள்ளது. ஜாக்சன் ஆய்வகம் நடத்தும், சுண்டெலி மரபணுத் தகவல்களுக்கான எம்ஜிஐ தரவுத்தளத்தில் இவை பெரும்பாலும் கிடைத்துவிடும். எந்த முறை பயன்படும், எது பயன்படாது என்பதை முடிவுசெய்வது மாற்றத்தின் தன்மைதான்.

ஆர்டி1 மாற்றம் பிடிஇ6பி மரபணுவில் உள்ளது. அதில் இரண்டு வேறுபாடுகள் சேர்ந்தே இருக்கின்றன. முதல் இன்ட்ரானில் ஒரு வைரஸ் டிஎன்ஏ செருகல் உள்ளது. ஏழாவது எக்ஸானில் ஒரே ஒரு நியூக்ளியோடைடு (டிஎன்ஏவின் ஓர் எழுத்து), சி என்பது ஏ என மாறியதால், 347ஆவது இடத்தில் புரத உருவாக்கம் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே மரபணுவுக்குள் நெருங்கி இருப்பதால் சேர்ந்தே கடத்தப்படுகின்றன. எனவே எதைத் தேடினாலும் ஆர்டி1 தெரிந்துவிடும். ஆனால் செருகலைத் தேடும் முறையும் ஒற்றை நியூக்ளியோடைடைத் தேடும் முறையும் முற்றிலும் வேறானவை.

மாற்றம் ஒரு நீக்கமாக (டிஎன்ஏவின் ஒரு பகுதி விடுபடுதல்) இருந்து, அது போதிய அளவு பெரிதாகவும் இருந்தால், அதன் இருபுறமும் பிரைமர் வைத்து, கிடைக்கும் துண்டின் நீளத்தை ஜெல்லில் (டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் நீளவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நீளத்தையும் ஒரு பட்டையாகக் காட்டும் கூழ்) பார்த்தாலே போதும். 129 வகைச் சுண்டெலிகளில் டிஸ்க்1 மரபணுவின் ஆறாவது எக்ஸானில் 25 கார இணைகள் (டிஎன்ஏ நீளத்தை எண்ணும் அலகு) விடுபட்டிருக்கின்றன. துண்டு சிறியதாக இருக்கும்படி பிரைமரை அமைத்து, அடர்த்தியான ஜெல்லில் ஓட்டினால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மாறாக, சி57பிஎல்/6என் வகையில் உள்ள ஆர்டி8 மாற்றம் சிஆர்பி1 மரபணுவில் ஒரே ஒரு நியூக்ளியோடைடின் இழப்பு. அதை நீள வேறுபாட்டின் மூலம் சாதாரண அகரோஸ் ஜெல்லில் பிரித்தறிய இயலாது. நீக்கம் என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு இருபுறப் பிரைமர்களை வாங்கி, எல்லா விலங்குகளும் ஒரே பட்டையைக் காட்டுவதைக் கண்டு, மாற்றம் எதிலுமே இல்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. சுண்டெலியின் ஒப்பீட்டு ஜீனோம் வரிசை சி57பிஎல்/6ஜே வகையிலிருந்து பெறப்பட்டது. அந்த வகையே பல திடீர்மாற்றங்களைச் சுமக்கிறது. அதன் என்என்டி மரபணுவில் 7 முதல் 11 வரையிலான ஐந்து எக்ஸான்கள் இல்லை. எனவே ஒப்பீட்டு வரிசையில் அந்தப் பகுதியைத் தேடினால் கிடைக்காது; இயல்பான அல்லீலுக்கான, அதாவது மரபணுவின் இயல்பான வடிவத்துக்கான, பிரைமரை வேறொரு வகையின் வரிசையிலிருந்துதான் அமைக்க வேண்டும். ஒப்பீட்டு வரிசையில் உள்ளதெல்லாம் இயல்பானது என்று எண்ணுவது இந்த இடத்தில் நேரடியாகத் தவறான முடிவைத் தரும்.

நிறமூர்த்தத்தை எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. தசைச் சிதைவு ஆய்வில் பயன்படும் எம்டிஎக்ஸ் மாற்றம் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆண் சுண்டெலிக்கு எக்ஸ் ஒன்றுதான். ஆகவே ஆணில் ஹெட் என்ற நிலையே கிடையாது. பதிவேட்டில் பாலினம் இல்லையென்றால் எக்ஸ் வழி மாற்றங்களின் முடிவைப் படிக்கவே முடியாது.

2. முறையையும் பிரைமர்களையும் தேர்ந்தெடுத்தல்

செருகலுக்கோ பெரிய நீக்கத்துக்கோ மூன்று பிரைமர் அமைப்பைப் பரிந்துரைக்கிறேன். ஒரு பிரைமர் இரண்டு அல்லீல்களுக்கும் பொதுவானது. இரண்டாவது இயல்பான அல்லீலில் மட்டும் ஒட்டும். மூன்றாவது செருகலுக்குள் மட்டும் ஒட்டும். ஆர்டி1 செருகலுக்குப் பரவலாகப் பயன்படும் இத்தகைய அமைப்பில் இயல்பான அல்லீல் ஏறத்தாழ 400 கார இணைப் பட்டையையும், ஆர்டி1 அல்லீல் ஏறத்தாழ 550 கார இணைப் பட்டையையும் தருகின்றன. ஹெட் விலங்கில் இரண்டும் தெரியும்.

இந்த அமைப்பின் சிறப்பு என்னவென்றால், எந்த விலங்கானாலும் குறைந்தது ஒரு பட்டையாவது தெரிந்தாக வேண்டும். பட்டையே இல்லையென்றால் சோதனை தோற்றுவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். மாற்றம் இருந்தால் மட்டும் பட்டை தெரியும் முறைகளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. டிஎன்ஏ கெட்டுப்போன விலங்கும் இயல்பான விலங்கும் ஒன்றுபோலவே வெறுமையாகத் தெரியும். அத்தகைய முறையைத் தவிர்க்க முடியாவிட்டால், எல்லாச் சுண்டெலிகளிலும் உள்ள வேறொரு மரபணுவுக்கான பிரைமர் சோடி ஒன்றையும் அதே குழாயில் சேர்த்துவிடுங்கள்.

ஒற்றை நியூக்ளியோடைடு மாற்றங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அந்த மாற்றம், டிஎன்ஏவைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் வெட்டும் ஏதேனும் ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியின் வெட்டிடத்தை உண்டாக்கியதா அழித்ததா என்று பார்ப்பது. ஆர்டி1இன் ஏழாவது எக்ஸான் மாற்றம் டிடிஇ1 என்ற நொதிக்குப் புதிய வெட்டிடத்தை உருவாக்குகிறது. ஆகவே பிசிஆர் துண்டை அந்த நொதியிட்டு வைத்தால், மாற்றமுள்ள அல்லீல் மட்டும் இரண்டாக வெட்டுப்படும். இரண்டாவது, பிரைமரின் 3' முனையின் (புதிய இழை நீளத் தொடங்கும் முனை) கடைசி எழுத்தை மாறிய நியூக்ளியோடைடின் மேலேயே அமைத்து, ஒவ்வோர் அல்லீலுக்கும் தனித்தனிப் பிரைமர் வைப்பது. ஆர்டி8க்கு இவ்வகை முறையே வழக்கம். மூன்றாவது, பிசிஆர் துண்டைச் சாங்கர் முறையில் வரிசைப்படுத்துவது, அதாவது எழுத்தெழுத்தாகப் படிப்பது. மாதிரிகள் மிகுதியாக இருக்கும் ஆய்வகங்கள் ஒளிரும் புரோப் (குறிப்பிட்ட வரிசையில் ஒட்டும் டிஎன்ஏ துணுக்கு) கொண்ட நிகழ்நேர பிசிஆருக்குச் சென்றுவிடுவது உண்டு. அதற்கான கருவி இருந்தால் அது வசதியானதே.

3. ஒப்பீட்டு மாதிரிகளை முன்னதாகவே சேர்த்துவைத்தல்

ஒவ்வொரு முறை பிசிஆர் வைக்கும்போதும் ஐந்து குழாய்கள் ஒப்பீட்டுக்கென்று இருக்க வேண்டும்: உறுதியாகத் தெரிந்த இயல்பு, ஹெட், ஹோமோ மாதிரிகள் ஒவ்வொன்று, டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் மட்டும் உள்ள ஒன்று, திசுவே இல்லாமல் டிஎன்ஏ பிரிக்கும் படிகள் அனைத்தையும் கடந்துவந்த வெற்றுக் கரைசல் ஒன்று.

கடைசி இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர்க் குழாயில் பட்டை தெரிந்தால் மாசு பிசிஆர் கலவையில் உள்ளது. தண்ணீர் சுத்தமாக இருந்து வெற்றுக் கரைசலில் மட்டும் பட்டை தெரிந்தால் மாசு டிஎன்ஏ பிரிக்கும் கரைசலில் உள்ளது. எதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரிக்க வேண்டும் என்பதை இந்த இரண்டின் வேறுபாடுதான் சொல்லும்.

ஆர்டி1க்கு ஒப்பீட்டு மாதிரி கிடைப்பது எளிது. எஃப்விபி/என், சி3எச்/ஹெச்இஜே, எஸ்ஜேஎல்/ஜே ஆகிய வகைகள் ஆர்டி1 ஹோமோ நிலையில் இருப்பவை. சி57பிஎல்/6ஜே இந்த மரபணுவில் இயல்பானது. ஹெட் மாதிரி கைவசம் இல்லையென்றால், ஹோமோ, இயல்பு இவ்விரண்டின் டிஎன்ஏவைச் சம அளவில் கலந்து பயன்படுத்தலாம். இந்தக் கலவையில் இரண்டு பட்டைகளும் தெளிவாகத் தெரியாத ஒரு பிசிஆர் முறை, உண்மையான ஹெட் விலங்குகளையும் தவறவிடும். குட்டிகளின் மாதிரியைத் தொடுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடுங்கள்.

4. அனுமதி, அடையாளம், திசு எடுத்தல்

திசு எடுப்பது விலங்கின் மீது செய்யப்படும் செயல். அதற்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்னதாகவே வேண்டும். இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இது அமைகிறது. அனுமதிக் கடிதத்தில் எந்த வயதில், எந்த இடத்திலிருந்து, எவ்வளவு திசு என்று குறிப்பிட்டிருப்பதைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

காதில் 2 மில்லிமீட்டர் துளையிட்டு எடுக்கும் துணுக்கே என் முதல் தேர்வு. ஏனென்றால் அந்தத் துளையின் இடமே விலங்கின் அடையாளமாகவும் ஆகிறது. அடையாளமிடவும் திசு எடுக்கவும் விலங்கை இருமுறை பிடித்து வருத்த வேண்டியதில்லை. தாயிடமிருந்து குட்டிகளைப் பிரிக்கும் மூன்றாவது வாரத்தில் இதைச் செய்வது வசதி. வால் நுனியிலிருந்து எடுப்பதானால் 2 மில்லிமீட்டரே போதும். 21 நாள் வயதுக்குள் எடுத்துவிட வேண்டும். வயது கூடக் கூட வால் நுனியின் எலும்பு இறுகிவிடுவதால் வலியும் குருதிப்போக்கும் கூடும். அப்போது மயக்க மருந்து தேவைப்படும். துணுக்கு பெரிதாக இருந்தால் டிஎன்ஏ நன்றாக வரும் என்ற எண்ணம் தவறு. திசு மிகுந்தால் பிசிஆரைத் தடுக்கும் பொருள்களும் மிகும்.

இனி அடையாளம். வரிசை மாறக்கூடாது: முதலில் கூண்டு அட்டையைப் படித்துப் பதிவேட்டில் கூண்டு எண், பெற்றோர் எண்கள், பிறந்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு குழாய்களுக்கு எண் எழுதி அடுக்கில் வரிசையாக வையுங்கள். அதன் பிறகே முதல் விலங்கைக் கையில் எடுங்கள். ஒரு விலங்கின் காதில் துளையிட்டு, துணுக்கைக் குழாயில் போட்டு, மூடி, பாலினமும் உடல் நிறமும் பதிவேட்டில் ஏறிய பின்னரே அடுத்த விலங்கு. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் விலங்கைப் பிடித்து எண்ணை உரக்கச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவது நல்லது.

குழாயின் மூடியில் மட்டும் எண் எழுதுவது போதாது. பக்கவாட்டிலும் எழுத வேண்டும். எத்தனால் பட்டால் அழியாத பேனாவாக இருக்க வேண்டும். ஒரே கூண்டில் இரண்டு குழாய்கள் இடம் மாறிவிட்டால், எவ்வளவு அழகான ஜெல்லும் அதைக் காட்டிக்கொடுக்காது.

துளையிடும் கருவியை ஒவ்வொரு விலங்குக்குப் பின்னும் துடைக்க வேண்டும். இங்கே ஒரு பொதுவான தவறு நிகழ்கிறது. 70 சதவீத எத்தனாலில் முக்கி எடுத்தாலே போதும் என்று கருதுகிறார்கள். எத்தனால் கிருமிகளைக் கொல்லுமே தவிர டிஎன்ஏவை அழிக்காது. கருவியின் பல்லிடுக்கில் ஒட்டியிருக்கும் முந்தைய விலங்கின் தோல் துணுக்கு, இயல்பான விலங்கை ஹெட் என்று காட்டப் போதுமானது. காகிதத் துணியால் அழுத்தித் துடைத்துத் திசுவை அகற்றிய பின் எத்தனாலில் முக்குங்கள். ஒரு கூண்டு முடிந்து அடுத்த கூண்டுக்குச் செல்லும் முன் நீர்த்த பிளீச்சிங் கரைசலில் நனைத்து, தண்ணீரில் நன்றாக அலசிக்கொள்ளலாம்; அலசாமல் விட்டால் உலோகம் அரிக்கும், விலங்கின் தோலும் புண்ணாகும்.

5. டிஎன்ஏவைப் பிரித்தல்

அன்றாட வேலைக்கு ஹாட்ஷாட் எனப்படும் காரக் கரைசல் முறையே போதும். 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் ஈடிடிஏவும் கலந்த கரைசலில் 75 மைக்ரோலிட்டரைத் துணுக்கின் மேல் ஊற்றி, 95 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வையுங்கள். பிறகு 4 டிகிரிக்குக் குளிர்வித்து, 40 மில்லிமோலார் டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு கரைசலை 75 மைக்ரோலிட்டர் சேர்த்துக் கலக்குங்கள்.

முதல் கரைசல் செல்களை உடைத்து டிஎன்ஏவை வெளிவிடுகிறது. இரண்டாவது அதன் காரத்தன்மையை ஈடுசெய்கிறது. இரண்டாவதைச் சேர்க்க மறந்தால், மிகையான காரத்தன்மையில், பிசிஆரில் டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் நொதி வேலைசெய்யாது. அந்தத் தட்டு முழுவதும் வெறுமையாகவே வரும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வலுவிழக்கும். பழைய புட்டியை நம்பாமல் அவ்வப்போது புதிதாகத் தயாரியுங்கள்.

சூடாக்கிய பின்னும் துணுக்கு முழுமையாகக் கரைந்திருக்காது. அது இயல்பே. குழாயை மையவிலக்கியில் ஒரு நிமிடம் சுழற்றி, அடியில் படிந்த முடியையும் தோலையும் தொடாமல் மேல்நீரை மட்டும் எடுங்கள்.

ஹாட்ஷாட் முறையில் கிடைக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் ஒற்றை இழையாகப் பிரிந்திருக்கும். பிசிஆருக்கு இது தடையில்லை. ஆனால் அந்தக் கரைசலிலேயே நேரடியாக ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியிட்டு வெட்ட முயல்வதும், அதன் ஒளி உறிஞ்சல் அளவை வைத்து டிஎன்ஏ செறிவைக் கணக்கிடுவதும் பயன் தராது. வெட்டு நொதியைப் பிசிஆர் முடிந்த இரட்டை இழைத் துண்டின் மீதுதான் பயன்படுத்த வேண்டும்.

இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் விலங்குகளின் டிஎன்ஏ நெடுநாள் தேவைப்படும். அவற்றுக்கு மட்டும் புரோட்டினேஸ் கே நொதியுடன் 55 டிகிரியில் இரவு முழுவதும் வைத்துத் திசுவைக் கரைத்து, ஐசோபுரோப்பனாலில் வீழ்படிவாக்கி, 70 சதவீத எத்தனாலில் கழுவிச் சேமியுங்கள். கரைக்கும் கரைசலில் எஸ்டிஎஸ் என்ற சலவைப்பொருள் இருந்தால் கழுவுதலைத் தவிர்க்கவே கூடாது. அது எஞ்சினால் டாக் நொதி செயலிழக்கும்.

6. பிசிஆர் கலவையும் சுழற்சியும்

மூன்று பிரைமர் அமைப்புக்கு ஒரு குழாயின் அளவு 20 மைக்ரோலிட்டர். அதில் இருமடங்குச் செறிவுள்ள மாஸ்டர் மிக்ஸ் (டாக் நொதியும் பிசிஆருக்கான பிற பொருள்களும் கலந்த ஆயத்தக் கலவை) 10, 10 மைக்ரோமோலார் செறிவுள்ள பிரைமர்கள் ஒவ்வொன்றும் 1, தண்ணீர் 6, டிஎன்ஏ 1 மைக்ரோலிட்டர்.

டிஎன்ஏ தவிர மற்ற அனைத்தையும் ஒரே குழாயில் மொத்தமாகக் கலந்து, பிறகு 19 மைக்ரோலிட்டராகப் பகிருங்கள். 24 குட்டிகளும் 5 ஒப்பீட்டு மாதிரிகளும் இருந்தால் 29 குழாய்கள். 32 குழாய்களுக்கான கலவையைத் தயாரிக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு முறை பகிரும்போதும் பிப்பெட் முனையில் சிறிது ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குழாயிலும் தனித்தனியாகப் பிரைமர் இடுபவர்களின் ஜெல்லில் பட்டைகளின் அடர்த்தி ஒழுங்கின்றி இருக்கும். அதன் பிறகு எது மெலிந்த ஹெட், எது மாசு என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

டிஎன்ஏ இடும் வரிசையிலும் கவனம் வேண்டும். குட்டிகளின் மாதிரிகள் முதலில், அறிந்த ஒப்பீட்டு மாதிரிகள் பின்னர், தண்ணீர்க் குழாய் கடைசியில். தண்ணீர் கடைசியில் வருவதால், அதுவரை நேர்ந்த எந்தச் சிதறலும் அதில் வெளிப்பட வாய்ப்புண்டு. தட்டின் எந்தக் குழியில் எந்த எண் என்ற படத்தை முன்னதாகவே வரைந்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுழற்சி: 95 டிகிரியில் 3 நிமிடம், பிறகு 95 டிகிரியில் 30 விநாடி, 60 டிகிரியில் 30 விநாடி, 72 டிகிரியில் 45 விநாடி என 35 சுற்றுகள், இறுதியில் 72 டிகிரியில் 5 நிமிடம். 60 என்பது தொடக்க மதிப்பு மட்டுமே. புதிய பிரைமர் வந்தவுடன், அறிந்த மூன்று மாதிரிகளை வைத்து 55 முதல் 65 டிகிரி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, ஹெட் மாதிரியில் இரண்டு பட்டைகளும் ஏறத்தாழச் சமமாகத் தெரியும் வெப்பநிலையை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். பட்டை மெலிந்திருக்கிறது என்பதற்காகச் சுற்றுகளை 40க்கு மேல் கூட்டாதீர்கள்; அது மாசையும் சேர்த்தே பெருக்கும்.

பிசிஆர் முடிந்த குழாய்களை, கலவை தயாரிக்கும் மேசைக்குத் திரும்பக் கொண்டுவரவே கூடாது. திறந்த ஒரு குழாயிலிருந்து தெறிக்கும் நுண்துளியில் அதே துண்டின் எண்ணற்ற பிரதிகள் உள்ளன. அவை அந்த மேசையில் படிந்தால் வாரக்கணக்கில் தண்ணீர்க் குழாயில் பட்டை வந்துகொண்டேயிருக்கும். இரு வேலைகளுக்கும் பிப்பெட்டுகளும் தனித்தனியாக இருக்கட்டும்.

7. வெட்டு நொதி தேவைப்படும்போது

எக்ஸான் மாற்றத்தை டிடிஇ1 கொண்டு பார்ப்பவர்கள் இந்தப் படியைச் செய்ய வேண்டும். பிசிஆர் துண்டில் ஒரு பங்கை எடுத்து நொதியுடன் 37 டிகிரியில் வையுங்கள். வெட்டாத துண்டையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.

இயல்பில் வெட்டுப்படாத ஒரு பட்டை, ஹோமோவில் வெட்டுப்பட்ட சிறு துண்டுகள், ஹெட்டில் இரண்டும். ஆபத்து எங்கே என்றால், ஹோமோ மாதிரியில் வெட்டுதல் பாதியில் நின்றுவிட்டால் அது ஹெட் போலவே தோன்றும். ஆகவே அறிந்த ஹோமோ மாதிரி அதே ஜெல்லில் முழுமையாக வெட்டுப்பட்டிருந்தால் மட்டுமே மற்ற குழிகளைப் படிக்கத் தொடங்குங்கள். அது அரைகுறையாக இருந்தால் நேரத்தைக் கூட்டி மறுபடி செய்ய வேண்டும்.

8. ஜெல் ஓட்டுதல்

400க்கும் 550க்கும் இடையிலான வேறுபாட்டுக்கு 2 சதவீத அகரோஸ் ஜெல் போதும். டிஸ்க்1இன் 25 கார இணை வேறுபாட்டுக்கு 3 சதவீதம் வேண்டும். மின்முனைகளுக்கு இடையிலான தொலைவில் சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் என்ற கணக்கில் ஓட்டுங்கள். விரைவில் முடிக்க வேண்டி வோல்ட்டைக் கூட்டினால் ஜெல் சூடாகி, பட்டைகள் வளைந்து, அருகருகே உள்ள இரண்டு பட்டைகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

நீளம் அறிந்த துண்டுகளின் கலவையான 100 கார இணை லேடரை ஜெல்லின் இரண்டு ஓரங்களிலும் இடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இட்டால், ஜெல் சாய்வாக ஓடியிருந்தாலோ படம் தலைகீழாகத் திரும்பியிருந்தாலோ தெரியாது. இரு ஓரங்களிலும் லேடர் ஒன்றுபோல இருந்தால் இடவலம் குழம்பும் என்பதால், ஒரு பக்கம் முதல் குழியைக் காலியாக விட்டு அடுத்ததில் லேடர் இடுவது என் வழக்கம்.

பட்டைகளைக் கண்ணுக்குக் காட்டும் சாயமான எத்திடியம் புரோமைடு டிஎன்ஏவோடு பிணையும் நச்சுப்பொருள். கையுறையும் தனிக் கழிவுக்கலமும் கட்டாயம்.

9. பட்டைகளைப் படித்தல்

முதலில் ஒப்பீட்டு மாதிரிகளை மட்டும் பாருங்கள். தண்ணீரிலும் வெற்றுக் கரைசலிலும் ஒன்றும் இல்லை, அறிந்த மூன்றும் எதிர்பார்த்தபடி உள்ளன என்று உறுதியான பின்னரே குட்டிகளின் குழிகளுக்கு வாருங்கள். குட்டிகளை முதலில் பார்த்துவிட்டால், விரும்பிய முடிவு கண்ணில் பட்ட பின் ஒப்பீட்டு மாதிரியின் குறையை மன்னிக்கும் மனநிலை வந்துவிடும். இது எவருக்கும் நேரக்கூடியது. அதனாலேயே வரிசை முக்கியம்.

பட்டையே இல்லாத குழியை 'இயல்பு' என்று எழுதாதீர்கள். 'முடிவு இல்லை' என்று எழுதி, அதே டிஎன்ஏவைப் பத்தில் ஒன்றாக நீர்த்து மறுபடி வையுங்கள். திசுவிலிருந்து வந்த தடைப்பொருள்களே பெரும்பாலும் காரணம்; எனவே குறைவாக இட்டால் பட்டை வரும். அதிகம் இட்டால் வரும் என்று எண்ணி 3, 4 மைக்ரோலிட்டர் இடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

ஒரு பட்டை மெலிந்தும் மற்றொன்று அடர்ந்தும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். பிசிஆரில் சிறிய துண்டு எளிதாகப் பெருகும். எனவே ஹெட் விலங்கில் 550 பட்டை 400 பட்டையை விட மெலிந்திருக்கலாம். டிஎன்ஏ தரம் குறைந்திருந்தால் பெரிய துண்டு முற்றிலும் காணாமலும் போகலாம். அப்போது ஹெட் விலங்கு இயல்பு என்று பதிவாகிவிடும். மற்ற குழிகளோடு ஒப்பிட்டால் மொத்தமாகவே மங்கலாகத் தெரியும் எந்த 'இயல்பு' முடிவையும் நான் ஏற்பதில்லை. மறுபடி ஓட்டச் சொல்வேன்.

இதற்கு மாறாக, மாற்றமுள்ள பட்டை மிக மெலிதாக, அறிந்த ஹெட் மாதிரியின் விகிதத்துக்குப் பொருந்தாமல் தெரிந்தால் பக்கத்து மாதிரியின் மாசை ஐயுறுங்கள்.

ஹெட் விலங்கில் மட்டும் இரண்டு பட்டைகளுக்கும் மேலே மூன்றாவதாக ஒன்று தெரிவதுண்டு. சிறு நீக்கங்களில் இது வழக்கம். இயல்பான இழையும் நீக்கமுள்ள இழையும் தம்முள் இணைந்து, பொருந்தாத பகுதி புடைத்து நிற்பதால் அந்த இணை ஜெல்லில் மெதுவாக நகர்கிறது. அறிந்த ஹெட் மாதிரியிலும் அதே பட்டை இருந்தால் அது ஹெட் என்பதற்கான கூடுதல் சான்றே.

ஐயம் தீராவிட்டால் துண்டை வரிசைப்படுத்துங்கள். ஒற்றை நியூக்ளியோடைடு மாற்றத்துக்கு ஹெட் விலங்கில் அந்த ஓரிடத்தில் மட்டும் இரண்டு முகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஆர்டி8 போன்ற ஒரு நியூக்ளியோடைடு இழப்பானால், இழப்பு நேர்ந்த இடத்துக்குப் பிறகு வரிசை முழுவதுமே இரட்டை முகடுகளாகக் குழம்பித் தெரியும். அது வரிசைப்படுத்தல் தோற்றதன் அடையாளம் அல்ல. எதிர்த்திசைப் பிரைமரால் படித்துப் பார்த்தால், குழப்பம் அதே இடத்தில் மறுபக்கமிருந்து தொடங்குவதைக் காணலாம்.

10. பெற்றோரோடு ஒப்பிடுதல்

ஜெல் முடிவைப் பெற்றோரின் முடிவோடு ஒப்பிடாமல் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். இயல்புக்கும் ஹெட்டுக்கும் பிறந்த குட்டி ஹோமோவாக இருக்க முடியாது. இரண்டு ஹோமோக்களுக்குப் பிறந்தது ஹெட்டாக இருக்க முடியாது. இத்தகைய பொருந்தாமை ஒன்றே ஒன்று வந்தாலும் அந்தக் கூண்டு முழுவதையும் புதிய துணுக்கிலிருந்து மறுபடி சோதியுங்கள்; குழாய்கள் மாறியிருந்தால் அது ஓர் எண்ணோடு நின்றிருக்காது.

விகிதங்களை வைத்து முடிவுசெய்வதில் நிதானம் வேண்டும். ஹெட் இரண்டைச் சேர்த்தால் இயல்பு, ஹெட், ஹோமோ 1:2:1 என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் எட்டுக் குட்டிகள் உள்ள ஓர் ஈற்றில் ஒரு ஹோமோ கூட இல்லாமல் போவதற்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு ஈற்றைக் கண்டு பிசிஆரைக் குறைசொல்வதும், ஹோமோ கருவிலேயே இறக்கிறது என்று அறிவிப்பதும் தகாது. பல ஈற்றுகள் சேர்ந்த பின்னும் ஹோமோ வராமல் 1:2 என்றே நின்றால் அப்போது கருவிறப்பைக் கருதலாம். மஞ்சள் நிற உரோமத்தைத் தரும் அகூட்டி மாற்றம் இதற்குப் பழைய சான்று. அதில் ஹோமோக்கள் கருவிலேயே இறப்பதால், பிறக்கும் குட்டிகள் மஞ்சள் இரண்டுக்கு மற்றது ஒன்று என்ற விகிதத்தில் வருகின்றன.

ஆர்டி1 ஒடுங்கு பண்பு. ஹெட் விலங்கின் பார்வையில் குறை தெரியாது. ஆகவே கண்ணைப் பார்த்துக் கடத்திகளை விலக்க முடியாது, பிசிஆர் மட்டுமே வழி. ஹோமோ விலங்கில் ஒளியுணர் செல்களின் சிதைவு பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி, மூன்றாவது வாரம் முடிவதற்குள் கோல் செல்கள் (மங்கிய ஒளியில் பார்க்க உதவும் ஒளியுணர் செல்கள்) ஏறத்தாழ முற்றிலும் அழிந்துவிடுகின்றன. எஃப்விபி/என் பின்னணியில் உருவான மரபணு மாற்றச் சுண்டெலிகளை வேறு வகையோடு கலந்து நீர்ச் சிக்கல்வழி (நீரில் மறைந்த மேடையைச் சுண்டெலி நீந்தித் தேடும் நினைவுச் சோதனை) போன்ற, பார்வையை நம்பிய நடத்தைச் சோதனைகளுக்குப் பயன்படுத்துபவர்கள் தம் ஆய்வு மரபணுவோடு ஆர்டி1ஐயும் கட்டாயம் சோதிக்க வேண்டும். இல்லையெனில் நினைவுத்திறன் குறைந்தது என்று எழுதப்படும் முடிவு உண்மையில் பார்வையின்மையாக இருக்கும். சி57பிஎல்/6என் பின்னணியில் கண் ஆய்வு செய்பவர்கள் ஆர்டி8ஐயும், வளர்சிதைமாற்ற ஆய்வில் 6ஜே, 6என் இரண்டையும் கலந்து வைத்திருப்பவர்கள் என்என்டியையும் அதேபோலச் சோதித்தாக வேண்டும்.

11. பதிவும் பாதுகாப்பும்

பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் விலங்கு எண், பெற்றோர் எண்கள், பிறந்த தேதி, பாலினம், திசு எடுத்த தேதி, பிசிஆர் தேதி, ஜெல் படத்தின் பெயர், குழி எண், முடிவு ஆகியவை இருக்க வேண்டும். ஜெல் படத்தை வெட்டாமல், ஒப்பீட்டுக் குழிகளோடு முழுமையாகச் சேமியுங்கள். முடிவை ஒருவர் படித்து எழுதிய பின், அதைப் பார்க்காமல் இன்னொருவர் படத்தை மட்டும் பார்த்துத் தனியாகப் படிக்கட்டும். இருவரும் வேறுபடும் குழிகள் மறுசோதனைக்கு.

மீதமுள்ள ஹாட்ஷாட் கரைசலைச் சில நாள்களுக்கு 4 டிகிரியிலும், அதற்கு மேல் கழித்தல் 20 டிகிரியிலும் வையுங்கள். அந்தக் கூண்டின் விலங்குகள் ஆய்வில் இருக்கும் வரை அதைக் கொட்டிவிட வேண்டாம்.

இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்த ஒவ்வொரு விலங்கையும் சோடி சேர்ப்பதற்கு முன் புதிய துணுக்கிலிருந்து இரண்டாவது முறை சோதியுங்கள். ஆய்வில் இறுதி வரை பயன்பட்ட விலங்குகளுக்கு, கருணைக்கொலைக்குப் பின் சிறிதளவு வால் திசுவை அதே எண்ணிட்ட குழாயில் உறையவைத்து, தரவுப் பகுப்பாய்வு தொடங்கும் முன் ஒருமுறை ஓட்டி, மூன்றாவது வாரத்தில் எழுதிய முடிவோடு சரிபாருங்கள்.